குத்தகை முடியும்போது வீடு யாருடையது?

2024 மே 24 அன்று பிரிட்டனில் ஒரு சட்டம் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. அடுக்ககங்களில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டின் குத்தகைக் காலத்தை நீட்டித்துக்கொள்வதை எளிதாகவும் மலிவாகவும் ஆக்குவதற்கான சட்டம் அது. உடனே பெரும் நில எஸ்டேட்டுகளும் நில வாடகையில் முதலீடு செய்திருக்கும் நிறுவனங்களும் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தங்கள் சொத்துரிமை பறிக்கப்படுகிறது, இது மனித உரிமை மீறல் என்று வாதிட்டன. 2025 அக்டோபரில் அந்த வழக்குகள் தள்ளுபடி ஆயின.

லண்டன் அடுக்கக விவகாரம் சாதி ஒழிப்புப் பேசும் பக்கத்தில் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நிலத்தின் மீதான உரிமை எப்படிப் பரம்பரையாக ஒரு கையில் தங்குகிறது, அதன் மேல் வாழ்பவர் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கப்பம் கட்டுகிறார் என்பதுதான் நம் அரசியலின் மையக் கேள்விகளுள் ஒன்று. அந்தக் கேள்விக்கு இங்கிலாந்து தன் சொந்தக் குடிமக்களிடம் ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. அரைகுறையாகச் சொன்னது, நூறு ஆண்டு தாமதமாகச் சொன்னது, ஆனாலும் சொல்லியிருக்கிறது. அதே சட்ட மரபில் எழுதப்பட்ட ஒரு குத்தகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் முடியப்போகிறது. அங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

வாங்கியும் சொந்தமாகாத வீடு

நம்மூரில் ‘லீசுக்கு வீடு’ என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இங்கிலாந்தின் லீஸ் வேறு. அங்கே நீங்கள் வங்கியில் கடன் வாங்கி, சந்தை விலை கொடுத்து ஒரு ஃப்ளாட்டை ‘வாங்குகிறீர்கள்’. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது 99 ஆண்டுக்கோ 125 ஆண்டுக்கோ அங்கே இருக்கும் உரிமை. கட்டிடமும் அடிமனையும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் நில உடைமையாளருடையவை. காலம் முடிந்தால் ஃப்ளாட் அவருக்குத் திரும்பிப் போகும். நீங்கள் கொடுத்த விலை திரும்பி வராது. 1954இலிருந்து சட்டங்கள் தந்திருக்கும் பாதுகாப்பால் குடியிருப்பவரை அன்றைக்கே தெருவில் நிறுத்த முடியாது; வாடகைக்காரராகத் தொடரலாம். நேற்றுவரை தன் வீடு என்று நினைத்த இடத்தில் வாடகைக்காரர்.

இடைப்பட்ட காலத்திலும் ஆண்டுதோறும் நில வாடகை உண்டு. கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ‘அடிமனை வாடகை’ என்ற சொல் பழக்கமானது, ஏறத்தாழ அதுதான். இதற்கு ஈடாக எந்தச் சேவையும் கிடையாது. பராமரிப்புக்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். நில வாடகை என்பது நிலம் இன்னாருடையது என்பதை ஆண்டுக்கொரு முறை ஒப்புக்கொள்வதற்கான காணிக்கை. சில பெரிய கட்டுமான நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் விற்ற வீடுகளில் பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த வாடகை இரட்டிப்பாகும் என்று எழுதிவைத்தன. அது பெரிய சர்ச்சையானது. 2022 ஜூன் 30 முதல் புதிய லீஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு நில வாடகையே வாங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்டவை அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

350 பவுண்டுக்கு மேல் பாக்கி சேர்ந்தாலோ, சிறு தொகையே ஆனாலும் மூன்றாண்டுக்கு மேல் கட்டாமல் கிடந்தாலோ, அதைக் காரணம் காட்டி லீஸையே பறிக்க நில உடைமையாளர் வழக்குப் போடலாம். நீதிமன்றங்கள் பொதுவாகப் பாக்கியைக் கட்ட அவகாசம் தருகின்றன. என்றாலும் கத்தி எப்போதும் கழுத்தருகே இருக்கிறது. பல லட்சம் கொடுத்து வாங்கிய வீட்டைச் சில நூறு பவுண்டு பாக்கிக்காகப் பறிக்கலாம் என்று சொல்லும் உறவை வெறும் வணிக ஒப்பந்தம் என்று சொல்லிவிட முடியாது. அது ஆண்டைக்கும் குடிக்கும் இடையிலான உறவின் மிச்சம்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வீடுகள் சுமார் 48 லட்சம் என்கிறது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு. பக்கத்திலிருக்கும் ஸ்காட்லாந்து நிலப்பிரபுத்துவ நிலமுறையைச் சட்டம் போட்டு 2004 நவம்பர் 28 அன்று முடித்துவைத்தது. மிக நீண்ட குத்தகைகளைப் பின்னர் சொந்த உடைமையாகவே மாற்றியது. இங்கிலாந்தும் வேல்ஸும் அதைச் செய்யவில்லை.

நீட்டிப்பின் கணக்கு

லீஸில் மிச்சமிருக்கும் ஆண்டுகள் குறையக் குறைய ஃப்ளாட்டின் மதிப்பு உருகும். எண்பதை நெருங்கும்போதே வங்கிகள் தயங்கத் தொடங்கும். விற்க நினைத்தால் வாங்குவோர் வரமாட்டார்கள். ஆகவே குடியிருப்பவர் குத்தகையை நீட்டித்தே ஆக வேண்டும். 1993ஆம் ஆண்டின் சட்டம் இதை அவருடைய உரிமையாக்கியது. எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுத்தால் மிச்சமுள்ள காலத்தோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துத் தர நில உடைமையாளர் கடமைப்பட்டவர். நில வாடகை ‘ஒரு மிளகு’ அளவுக்குக் குறையும். பெயரளவு வாடகையை ஆங்கிலச் சட்டம் மிளகு என்றுதான் சொல்கிறது. விலையில் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். வாங்கி இரண்டாண்டு கழிந்த பிறகே நோட்டீஸ் தர முடியும் என்றிருந்த நிபந்தனையும் 2025 ஜனவரி 31 அன்று நீங்கியது.

விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது? கணக்குக்காக ஒரு ஃப்ளாட்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட லீஸோடு அதன் மதிப்பு 3 லட்சம் பவுண்டு. இப்போது 70 ஆண்டுதான் மிச்சம்; அதனால் மதிப்பு 2 லட்சத்து 70 ஆயிரம் என்று வைப்போம். எழுபது ஆண்டு கழித்து அந்த வீடு நில உடைமையாளருக்குத் திரும்பப்போகிறது. அதை அவர் இழப்பதற்கு இன்றைய மதிப்பில் ஈடு தர வேண்டும். ஏர்ல் கடோகன் ஒரு தரப்பாக இருந்த வழக்கொன்றில் 2006இல் வந்த தீர்ப்புக்குப் பின் ஃப்ளாட்டுகளுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கழித்துக் கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் எழுபது ஆண்டுக்குப் பிறகு வரும் 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு 10 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நில வாடகை இழப்பு இதனோடு சேரும். இங்கே அதை விட்டுவிடுவோம்.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. லீஸ் நீண்டதும் ஃப்ளாட்டின் மதிப்பு 3 லட்சமாக உயர்கிறது அல்லவா? குடியிருப்பவரின் உரிமையும் நில உடைமையாளரின் உரிமையும் ஒன்று சேர்வதால் பிறக்கும் இந்தக் கூடுதல் மதிப்புக்கு ஆங்கிலச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘திருமண மதிப்பு’. நம் எடுத்துக்காட்டில் அது சுமார் 20 ஆயிரம். மிச்சகாலம் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எண்பதாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கிவிட்டால் இதில் பாதியை நில உடைமையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆக மொத்தம் சுமார் 20 ஆயிரம் பவுண்டு. அதில் பாதி திருமண மதிப்பு. போதாததற்கு நில உடைமையாளர் தரப்பின் வழக்குரைஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் ஆகும் நியாயமான செலவையும் குடியிருப்பவரே கட்ட வேண்டும். பெயருக்கு ஏற்றபடி இது வரதட்சணைதான். கொடுப்பது எப்போதும் ஒரே தரப்பு.

2024ஆம் ஆண்டின் சட்டம் இதைத்தான் மாற்றுகிறது. நீட்டிப்புக் காலம் 90இலிருந்து 990 ஆண்டாகும். திருமண மதிப்பு ஒழியும். அவரவர் வழக்குச் செலவை அவரவர் பார்த்துக்கொள்வது பொது விதியாகும். ஆனால் இந்த முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர மேலும் விதிகள் வகுக்கப்பட வேண்டும். நில எஸ்டேட்டுகள் நீதிமன்றத்துக்கு ஓடியது இதைத் தடுக்கத்தான். காலம் கடந்துகொண்டே போனால் யாருக்கு லாபம் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும். ஒவ்வோர் ஆண்டு தாமதத்திலும் இன்னும் சில ஆயிரம் ஃப்ளாட்டுகள் எண்பதுக்குக் கீழே இறங்குகின்றன.

மணப்பெண்ணோடு வந்த நிலம்

இந்த நிலங்கள் இவர்கள் கைக்கு எப்படி வந்தன? லண்டனின் மேஃபேர், பெல்கிரேவியா பகுதிகளை எடுத்துக்கொள்வோம். உலகின் விலையுயர்ந்த மனைகளில் சில அங்கே இருக்கின்றன. 1677இல் சர் தாமஸ் குரோவ்னர் என்ற பிரபு மேரி டேவிஸ் என்ற சிறுமியை மணந்தார். அவளுக்கு வயது 12. அவள் பெயரில் இருந்த மேய்ச்சல் நிலமும் சதுப்பும் குரோவ்னர் குடும்பத்துக்குப் போயின. பின்னர் அதன் மேல் நகரம் வளர்ந்தது. கட்டியவர்கள் வேறு, குடியேறியவர்கள் வேறு, சாலையும் பாலமும் போட்டது பொதுப் பணம். மதிப்பு மட்டும் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் என்ற பட்டத்தைத் தாங்கும் அந்தக் குடும்பத்துக்குச் சேர்ந்தது. குழந்தைத் திருமணமும் நிலக்குவிப்பும் எப்படிக் கைகோத்து நடக்கும் என்பதை அகமண முறையைப் படித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்த குரல் பெல்கிரேவியாவின் மாளிகைகளிலிருந்து மட்டும் வரவில்லை. தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. அடிமனை நிலக்கிழாருடையது, 99 ஆண்டுக் குத்தகை. வீட்டைக் கட்டியதும் பழுது பார்த்ததும் குத்தகைக்காரர்களின் பணம். தொழிலாளர்களே சங்கம் சேர்ந்து சேமித்துக் கட்டிய வீடுகளும் அவற்றில் உண்டு. 1950களிலும் 60களிலும் அந்தத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. தாத்தா கட்டிய வீட்டை எந்த ஈடும் இல்லாமல் நிலக்கிழாரிடம் ஒப்படைக்கும் நிலை பேரனுக்கு வந்தது. வேல்ஸின் தொழிலாளர் இயக்கம் இதைக் கையில் எடுத்தது.

1966இல் தொழிற்கட்சி அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதன் அடிப்படைக் கொள்கையை இப்படிச் சுருக்கலாம்: நிலம் நியாயப்படி நிலக்கிழாருடையது; வீடு நியாயப்படி அதில் குடியிருப்பவருடையது. அதிலிருந்து பிறந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீண்ட குத்தகையில் தனிவீடுகளில் வாழ்வோர் குத்தகையை நீட்டிக்கவும், அடிமனையையே விலைக்கு வாங்கவும் உரிமை கொடுத்தது. நிலக்கிழார் சம்மதம் தேவையில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் அறங்காவலர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1986இல் தோற்றார்கள். மக்களுக்கு வீடு என்பது முதன்மையான சமூகத் தேவை, அதை முழுக்கச் சந்தையிடம் விட்டுவிட முடியாது, சமூக அநீதியை நீக்க ஒருவர் சொத்தைச் சட்டத்தின் மூலம் இன்னொருவருக்கு மாற்றுவது பொதுநலனாக இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1993இல் இந்த உரிமை ஃப்ளாட்டுகளுக்கும் விரிந்தபோது அன்றைய கோமகன் கோபித்துக்கொண்டு கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டே விலகினார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அதே கட்சியின் அரசு.

இந்த வரலாற்றில் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு திருப்பம் உண்டு. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். முடிவு தேதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தப்படி எல்லாம் சரி. ஆனாலும் நாடாளுமன்றம் ‘ஒப்பந்தப்படி’ என்பதோடு நிற்கவில்லை. அந்த மண்ணில் உழைப்பைக் கொட்டி வாழ்ந்தவர் யார் என்று கேட்டது.

கிங் ஹென்றி சாலையும் அண்ணலும்

வடக்கு லண்டனில் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீடு நம்மில் பலருக்குத் தெரிந்த முகவரி. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்தபோது 1921–22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கியிருந்த வீடு அது. 2015இல் மகாராஷ்டிர அரசு அதை வாங்கியது, இன்று நினைவில்லம். அந்தத் தெருவின் பெயரில் இருக்கும் ஹென்றி யார் என்று நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஈட்டன் கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னர்தான். அந்த வட்டாரமே ஈட்டன் கல்லூரியின் நில எஸ்டேட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லூரி நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டு அங்கே தெருக்களை எழுப்பியது.

அப்படியொரு எஸ்டேட்டில் ஒரே கட்டிடத்துக்குள் எத்தனை படிகள் இருக்கும் என்று பாருங்கள். மேலே நில உடைமையாளர். அவருக்குக் கீழே நீண்ட குத்தகை எடுத்தவர். அவரிடமிருந்து உள்குத்தகை எடுத்தவர். அவருக்கும் கீழே மாத வாடகைக்காரர். எல்லாருக்கும் கீழே ஓர் அறையில் தங்கியிருக்கும் மாணவர். ஒவ்வொருவரும் மேலே இருப்பவருக்குக் கொடுத்து, கீழே இருப்பவரிடம் வாங்குகிறார். அதனால் எல்லாரும் சேர்ந்து மேலே இருப்பவரை எதிர்ப்பது கடினம். படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்ன விளக்கத்தை இது நினைவூட்டுகிறது.

நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். லீஸ்ஹோல்டரைத் தலித்தோடு ஒப்பிடும் அபத்தத்தை நாம் செய்யப்போவதில்லை. பணம் சேர்ந்தால் ஆங்கிலேயர் குத்தகைப் படியைத் தாண்டிவிடலாம். சாதிப் படியைப் பணத்தால் தாண்ட முடியாது. ஊரும் சேரியும் பத்திரத்தில் எழுதிப் பிரித்தவை அல்ல. லண்டன் குத்தகைக்காரர் நிலக்கிழாரின் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதற்கு யாரும் அடித்ததில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துச் சீர்திருத்தத்தின் பலன் நீண்ட லீஸ் பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான். அதே கட்டிடத்தில் மாத வாடகைக்கு இருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் செவிலியருக்கும் இந்தச் சட்டம் எதையும் தரவில்லை. படிக்கட்டில் இரண்டாம் படி முதல் படியோடு போராடி வென்றது. கடைசிப் படி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அம்பேத்கர் இதைவிட நெடுந்தூரம் போனார். 1947இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் தயாரித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற மனுவில், விளைநிலம் முழுவதையும் அரசு ஈடு கொடுத்து எடுத்துக்கொண்டு, சாதி மத வேறுபாடு இல்லாமல் ஊர் மக்களுக்குக் கூட்டாகக் குத்தகைக்கு விட வேண்டும் என்றார். நிலக்கிழாரும் இருக்கக்கூடாது, அவர்கீழ் குத்தகைதாரரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். அரசு தலையிடாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்போருக்கு அவர் சொன்ன பதிலும் அங்கே இருக்கிறது. அரசு ஒதுங்கிக்கொண்டால் கிடைக்கும் சுதந்திரம் நிலக்கிழார் வாடகையை உயர்த்தும் சுதந்திரம்தான் என்றார். அவர் குத்தகையை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குத்தகை யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரண்டையும் மாற்றச் சொன்னார்.

மாஞ்சோலையின் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்

ஆங்கிலச் சட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1929 பிப்ரவரியில் சிங்கம்பட்டி ஜமீன் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 8,374 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அது வாலஸ் சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்து வணிகக் குடும்பம் 1863இல் தொடங்கிய நிறுவனம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டித் திருத்தியதும் தேயிலை நட்டதும் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன கூலிகள். பெரும்பான்மையோர் தலித்துகள். ஊரில் நிலம் இல்லாததால் மலையேறியவர்கள்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து 1952இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசின் கைக்கு வந்தது. ஜமீன் போனது, குத்தகை போகவில்லை. அரசு புதிய நிலக்கிழாரானது. கம்பெனி பழைய குத்தகைதாரராகவே தொடர்ந்தது. தொழிலாளி பழைய கூலியாகவே தொடர்ந்தார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி அவருக்கு வீடு தர வேண்டியிருந்தது. தந்தது லைன் வீடு. அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் இறங்க வேண்டும். அதனால்தான் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்திலேயே வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. வீடு கையை விட்டுப் போகாமல் இருக்க அடுத்த தலைமுறையையும் கூலியாக்க வேண்டும். இதைவிடத் துல்லியமாகப் பிறப்பையும் தொழிலையும் சேர்த்துக் கட்ட முடியுமா?

அந்த மக்கள்தான் 1999இல் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். சிறைப்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி போனார்கள். காவல்துறை அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அந்தக் கதையை இந்தத் தலைமுறை மறக்கவில்லை. ஆனால் அந்த மக்களின் வீட்டுக்கு என்ன ஆனது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. தோட்டங்கள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அதை நீட்டிக்கப்போவதில்லை. கம்பெனி முன்கூட்டியே வெளியேற முடிவெடுத்தது. 2024 ஜூனில் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கியது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மறுவாழ்வுத் திட்டங்களைச் செயல்படுத்தும்படி அரசுக்குச் சொன்னது.

காடு மீள வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. தாமிரபரணியின் நீர்ப்பிடிப்பைக் காப்பது அந்தத் தண்ணீரைக் குடிக்கும் எல்லாருக்குமான தேவை. கம்பெனியின் குத்தகையை நீட்டிக்கச் சொல்லியும் நாம் கேட்கவில்லை. நம் கேள்வி வேறு. 1929இல் ஒப்பந்தம் போட்டபோது ஜமீனும் கம்பெனியும் இருந்தன. 1952இல் அரசும் கம்பெனியும். 2024இல் வனத்துறையும் கம்பெனியும் நீதிமன்றமும். தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது நான்காம் தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர் இந்தக் குத்தகையில் ஒரு தரப்பாகக் கருதப்பட்டாரா? வேல்ஸ் தொழிலாளிக்குக் குத்தகைப் பத்திரமாவது இருந்தது. மாஞ்சோலைத் தொழிலாளி கம்பெனியின் குத்தகைக்குள் அடங்கிய ஒரு பொருளாகவே பார்க்கப்பட்டார். குத்தகை முடிந்தால் இயந்திரங்களைக் கழற்றி இறக்குவதைப் போல அவரையும் இறக்கிவிடலாம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்து பிழைத்தவரையும் வனவாசியாக ஏற்கிறது. 1929 பிப்ரவரியிலிருந்து எண்ணிப் பாருங்கள். 76 ஆண்டுகள். தோட்டக்கூலிக்கு அந்த வரையறை பொருந்துமா என்பதில் சட்ட வாதம் இருக்கலாம். அந்த வாதத்தை மலையை விட்டு இறக்குவதற்கு முன்னால் நடத்தியிருக்க வேண்டும். இறக்கிய பிறகு நடத்துவதில் யாருக்கு என்ன பயன்?

நாம் கேட்க வேண்டியது

இங்கிலாந்து நமக்கு முன்மாதிரி அல்ல. ஐந்தில் ஒரு வீட்டை இன்னும் நிலக்கிழாரிடம் வைத்துக்கொண்டு, சட்டம் இயற்றியும் நடைமுறைப்படுத்தத் தடுமாறும் நாடு அது. ஆனால் அங்கே வென்ற ஒரு கொள்கை நமக்குப் பயன்படும். மண் யார் பெயரில் இருந்தாலும், அதன் மேல் உழைத்து வாழ்ந்தவருக்குத் தனியாக ஓர் உரிமை உண்டு. அந்த உரிமை குத்தகை முடிவுத் தேதியோடு செத்துப்போவதில்லை. உடைமையாளர் இரங்கித் தரும் சலுகையாக இல்லாமல், நோட்டீஸ் கொடுத்துக் கேட்டு வாங்கும் உரிமையாக அது இருக்க வேண்டும்.

இதை மாஞ்சோலைக்குப் பொருத்தினால் சில கோரிக்கைகள் தெளிவாகின்றன. நீண்ட குத்தகை முடியும் எந்தத் தோட்டத்திலும் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களைத் தனித் தரப்பாகச் சட்டம் ஏற்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் குத்தகையை முடிக்கவும் கூடாது, நீட்டிக்கவும் கூடாது. இடம் மாற்றுவது தவிர்க்க முடியாதது என்றால் கணக்கு விருப்ப ஓய்வுத் தொகையோடு முடியக்கூடாது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய உழைப்புக்கு ஈடு வேண்டும். சமவெளியில் கொடுக்கும் வீடும் அடுக்ககத்தில் ஓர் ஒதுக்கீட்டு ஆணையாக இருந்தால் போதாது. குடும்பத்தின் பெண் பெயரில் பட்டாவோடு மனையும் நிலமும் வேண்டும். இல்லையென்றால் மலையில் கம்பெனியின் லைன் வீட்டில் இருந்தவர் கீழே அரசின் லைன் வீட்டுக்கு வருகிறார், அவ்வளவுதான்.

லண்டனில் ஒரு ஃப்ளாட்டுக்காரர் 90 ஆண்டு நீட்டிப்பு கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், நில உடைமையாளர் குறித்த தேதிக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஊத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தொழிலாளி தன் வீட்டைப் பற்றி யாருக்கு நோட்டீஸ் அனுப்புவார்? பதில் சொல்ல யாருக்குக் கடமை இருக்கிறது? 2028 பிப்ரவரிக்கு முன்னால் இதற்குச் சட்டமன்றத்தில் பதில் கேட்டாக வேண்டும். தேர்தல் மேடையில் நிலவுரிமை பேசும் ஒவ்வொரு கட்சியிடமும் இந்தக் கேள்வியைக் கொண்டுபோவது நம் வேலை.